நான் பூசிய சாம்பல்

எனக்கு வயது எண்பத்திரண்டு. பெற்றது ஐந்து, ஐந்தையும் ஆளாக்கினேன். போதாதென்று கனடாவுக்கு வந்து, ஸ்காபரோவில் ஒரு டேகெயரின் குசினியில் நின்று ஊரார் பிள்ளைகளுக்கும் சமைத்துப் போட்டேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. இந்த நாட்டின் பூர்வகுடிப் பெண் ஒருவர் வெள்ளிக்கிழமைகளில் வருவார். பிள்ளைகளோடு தரையில் இருந்து தங்கள் கதைகளைச் சொல்லுவார். நன்றி சொல்ல ‘மீக்வெச்’ என்று பழக்கினார். சிறுவயதில் அவரைத் தாயிடமிருந்து பிரித்துப் பள்ளிக்கூட விடுதியில் விட்டார்களாம். அங்கே தங்கள் பாஷையில் பேசினால் அடியாம். டேகெயரில் ஆசிரியையாக இருந்த எங்கள் தமிழ்ப் பிள்ளை ஒருத்திதான் இதை எனக்கு விளங்கப்படுத்தினாள். நாலு வயதுக் குஞ்சுகள் அந்தச் சொல்லைத் திருப்பிச் சொல்லும்போது அந்த அம்மா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பார்.

ஒரு வெள்ளி, பெரிய சிப்பியொன்றில் காய்ந்த இலையைக் கொளுத்தி, புகையை அள்ளிக் கண்ணிலும் காதிலும் ஒற்றக் காட்டினார். நல்லதைப் பார்க்க, நல்லதைக் கேட்க என்றார். எனக்கு மெய் சிலிர்த்தது. அவர் வீட்டுக்குப் போகத் தன் குளிர்கோட்டை எடுக்கப் போன நேரம், ஆறிக் கிடந்த சாம்பலைத் தொட்டு என் நெற்றியில் பூசினேன். வரிசையில் நின்ற பிள்ளைகளுக்கும் பூசிவிட்டேன்.

“ஐயோ அன்ரி, உது விபூதியில்லை!” என்று ஓடிவந்தாள் அந்த ஆசிரியைப் பிள்ளை. “உங்களுக்குப் புகையைக் கண்டாக் காணும், கும்பிடத் தொடங்கிடுவியள்!”

“சாம்பலெல்லாம் விபூதிதான், போடி.”

அந்தச் சாம்பலை மண்ணுக்கே திருப்பிக் கொடுக்க வேண்டுமாம். ஆனாலும் அந்த அம்மா என் நெற்றியைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார்.

திங்கட்கிழமை ஒரு தாய் வந்து, “என் பிள்ளையின் நெற்றியில் எந்தச் சமயத்தைப் பூசினீர்கள்?” என்று சத்தம் போட்டார். மேலாளர் எங்களைக் கூப்பிட்டு, யார் என்று கேட்டார்.

“சொல்லுங்கோ அன்ரி,” என்று ஆசிரியைப் பிள்ளை முணுமுணுத்தாள்.

“பிறகு சொல்லுறன்.”

வேலை போய்விடும் என்ற பயம். ஐந்து பிள்ளைகளை அதட்டி வளர்த்த வாய், திறக்கவில்லை. மேலாளர் கதை சொல்லும் அந்த அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தார். “நான்தான் பூசினேன்” என்று அவர் சொன்னாராம். இனி வரவேண்டாம் என்றார்கள். அவர் வரவில்லை.

சில கிழமைகள், சாப்பாட்டுத் தட்டை நீட்டும்போதெல்லாம் பிள்ளைகள் “மீக்வெச், அன்ரி” என்றார்கள். நான் குனிந்து அடுத்த தட்டில் சோற்றைப் போடுவேன். கோடை விடுமுறை கழிந்து வந்தபோது ஒருவருக்கும் அந்தச் சொல் நினைவில்லை. எனக்கு இருந்தது. நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

எழுதிப்போட்டியோ, பேத்தி? இனி முதலிலையிருந்து வாசி. நான் பூசினன் எண்ட இடம் வந்தால், சத்தமாய் வாசி.