பாறையில் பூத்த பாசி

டில்லி தர்பார் நடந்து முடிந்த தை மாதம். பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் வாத்தியார். எங்களுக்குச் சாஸ்திரப் பாடம் நடத்த வந்த வெள்ளைக்காரத் துரைக்குச் செடி சேகரித்துக் கொடுப்பதில் எனக்குப் பைத்தியம். குளம், வாய்க்கால், பாபநாசத்து ஆறு எல்லாம் அலைந்து பறித்து வருவேன். காயவைத்து, தாளில் ஒட்டி, கண்டெடுத்தவர் பெயரையும் எழுதிச் சென்னையில் இருக்கும் தாவர சாஸ்திரிகளுக்கு அனுப்புவோம். யாரும் பார்த்திராத செடி ஒன்றாவது என் பெயரில் போகவேண்டும் என்று ஆசை. நாலு வருஷமாக ஒவ்வொரு தடவையும் 'தெரிந்த செடிதான்' என்றே பதில் வந்தது.

அந்தத் தை அமாவாசைக்கு, கூட வேலை பார்த்த தமிழ் வாத்தியார் பாபநாசத்தில் முழுக்குப்போடப் புறப்பட்டார். நானும் வண்டியில் தொற்றிக்கொண்டேன். தர்ப்பணம் முடித்துக் கரையேறிய மனுஷர் பாறையில் வழுக்கி உட்கார்ந்துவிட்டார். தூக்கிவிடப் போனால், எழுந்திருக்காமல் குனிந்து பார்க்கிறார்.

"இங்கன பாரும்வே! பாசி பூத்திருக்கு!"

பாறையோடு ஒட்டிய பச்சைப் பாசி. அதில் கடுகளவு பூக்கள். பாசி எங்கேயாவது பூக்குமா? நாலு வருஷமாக அதே பாறையை மிதித்துப் போனவன் நான். குளிக்க வந்தவர் கண்ணில் பட்டிருக்கிறது! எனக்கு வயிறு எரிந்தது.

பெயர்த்து வந்ததைத் துரை பார்த்துவிட்டுச் சந்தோஷத்தில் குதித்தார். தாளில் பெயர் எழுதும் வேலை எனக்குத்தான், என் கையெழுத்து அழகாம். தமிழ் வாத்தியார் பெயரை எழுதினேன். மத்தியானம் அறையில் யாரும் இல்லை. பேனாக்கத்தியால் பூக்களை ஒவ்வொன்றாகச் சுரண்டி ஊதிவிட்டேன்.

பூ இல்லாமல் இது பாசியா, செடியா என்று சொல்ல முடியாது என்று சென்னையிலிருந்து பதில் வந்தது. தமிழ் வாத்தியார் முகம் சுண்டிப்போயிற்று.

"பூவோடதானவே வச்சோம்?" என்றார் என்னிடம்.

வழியில் உதிர்ந்திருக்கும் என்றேன். உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

தண்ணீர் வற்றும்போதுதான் அது பூக்கும். அவர் ஒரு வருஷம் காத்திருந்து, அடுத்த தையில் போய்ப் பூவோடு பெயர்த்து வந்தார். பெயர் எழுத உட்கார்ந்தேன். கையைப் பிடித்துக்கொண்டார்.

"உம்ம பேர எழுதும்வே. நான் குளிக்கப் போனவன். நீரு இதுக்குன்னே வருசக்கணக்கா அலையுதீரு."

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். என் பெயரைத்தான் எழுதினேன்.

செடிதான், ஆனால் எந்த வகையில் சேர்ப்பதென்று தெரியவில்லை, அபூர்வமானது என்று பாராட்டு வந்தது. பள்ளிக்கூடம் முழுக்கக் கற்கண்டு கொடுத்தவர் அவர்தான்.

இப்போது அவர் இல்லை. அந்தச் செடியைக் கண்டுபிடித்தவர் என்று யாராவது என்னைக் காட்டும்போதெல்லாம், அவரிடம் கடைசிவரை சொல்லாத அந்த மத்தியானம் என்னைத் தலைகுனிய வைக்கிறது.