நாடா அறையின் வாசலில்

கனடாவின் மொன்றியல் நகரில் ஓர் உள்ளூர்த் தொலைக்காட்சி நிலையத்தில் நான் துப்புரவு வேலை செய்தேன். அங்கே பழைய ஒளிநாடாக்களைப் பராமரித்தவர் ஒரு யாழ்ப்பாணத்து அக்கா. குள்ளமான உருவம், மூக்கு நுனியில் கண்ணாடி. எந்த நாடாவை எடுத்தாலும் சுவெட்டர் கையால் தூசியைத் துடைத்து, மேலே எழுதியிருப்பதை வாய்விட்டு வாசிப்பார்.

நிலையம் ரொறன்ரோவிலிருந்த பெரிய வலையமைப்பு ஒன்றோடு இணைந்திருந்தது. பழைய நாடாக்களைக் குப்பைக்கு அனுப்பும்படி அங்கிருந்து ஒருநாள் உத்தரவு வந்தது. லொறி வந்ததும் அக்கா நாடா அறை வாசலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"அக்கா, வேலை போயிடும். எழும்புங்கோ," என்றேன்.

"போகட்டும் தம்பி. இந்த ஊர்ச் சனம் வேலைநிறுத்தம் செய்தது, எங்கட ஆக்கள் பனிக்குள்ள ஊர்வலம் போனது எல்லாம் இதுக்குள்ளதான் கிடக்கு. ரொறன்ரோவில இருக்கிறவைக்கு இது குப்பையா இருக்கலாம். நான் விடமாட்டன்."

லொறி வெறுமையாகத் திரும்பியது. அக்கா கதிரையில் இருந்தபடியே ஊரிலுள்ள ஆவணக்காப்பகங்களுக்கெல்லாம் தொலைபேசி எடுத்தார். மூன்றாம் நாள் ஒரு பல்கலைக்கழகம் எல்லா நாடாக்களையும் ஏற்றிச் சென்றது.

அடுத்த வாரமே அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். மெற்றோ ரயில் நிலைய வாசலில் விடைபெறும்போது, "நாங்கள் வெண்டிட்டம் தம்பி, நாடா எல்லாம் தப்பிட்டுது," என்று சிரித்தார்.

'நாங்கள்' என்று அவர் சொன்னதுதான் இன்னும் உறுத்துகிறது. நான் ஒதுங்கித்தான் நின்றேன்.