அமுக்கிச் சொன்ன சொல்

ஆடிக் காற்று அடிக்கிற அடியில் எங்கள் வீட்டு மொட்டைமாடித் தகரக் கொட்டகை தடதடவென்று ஆடிக்கொண்டே இருக்கும். காற்று மூச்சு வாங்குவதுபோலச் சற்று நிற்கிற இடைவெளிகளில் மட்டும், மயில்துத்தம் மணக்கிற அந்தக் கொட்டகைக்குள்ளிருந்து ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் குரல் படியிறங்கி வரும். "ஷி டிட் நாட் கால் மீ" என்று அது சொல்லும். அவள் என்னைக் கூப்பிடவில்லை. அவ்வளவுதான் அதன் பொருள். மறுபடியும் காற்று எழுந்து அதை விழுங்கிவிடும். அடுத்த முறை காற்று ஓய்ந்ததும் அதே வாக்கியத்தை அதே பெண் வேறு யாரோ ஆனதுபோலச் சொல்லுவாள்.

கோம்பையிலிருந்து மலையை ஒட்டிப் போகிற சாலையில் இருக்கிறது எங்கள் ஊர். அப்பாவுக்குத் திராட்சைத் தோட்டம். மருந்தடிக்கும் பம்பும், கொடிக்கு அடிக்கிற மயில்துத்த மூட்டைகளும் கிடந்த அந்தக் கொட்டகையை என் அக்கா அமலி ஒரு பக்கமாக ஒதுக்கிச் சுத்தம் செய்து, நாற்காலி போட்டுக்கொண்டிருந்தாள். பெரியகுளத்தில் மாமா வீட்டில் தங்கிக் கல்லூரியை முடித்துவிட்டு, மதுரையில் "கால் சென்டர்" வேலைக்கான பயிற்சிக்குப் போய், ஒரு சிடியோடு திரும்பியிருந்தாள் அவள். சிடியில் இருந்த பெண் ஒரு வாக்கியம் சொல்லுவாள். அக்கா அதைத் திருப்பிச் சொல்லுவாள். முதல் வாரத்தில் எது சிடி, எது அக்கா என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. பிறகு ஒருநாள் மத்தியானம் கரண்ட் போனது. வீட்டில் மின்விசிறி நின்றது, அரவை மில் சத்தம் நின்றது, சிடியும் நின்றிருக்க வேண்டும், ஆனால் மேலே அந்த வெள்ளைக்காரி மட்டும் நிற்காமல் பேசிக்கொண்டே இருந்தாள்.

நான் பாதிப் படியில் உட்கார்ந்திருந்தேன். மேலே போகவும் தோன்றவில்லை, கீழே இறங்கவும் முடியவில்லை.

பக்கத்து வீட்டு லூர்து அத்தைக்கு இது போதுமானதாக இருந்தது. எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில், மிஷன் காலத்தில் கடல் தாண்டி வந்து இங்கேயே காய்ச்சலில் செத்துப்போன ஒரு கன்னியாஸ்திரியின் கல்லறை உண்டு. "அவுக பாசைலதான் ஒம்மக பேசுது. தனியா ஒக்கார விடாத ஆத்தா" என்று அத்தை அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அம்மா சிரித்து மழுப்பினாள். ஆனாலும் அன்று சாயங்காலமே கோயில் தீர்த்தத்தைக் கொண்டுவந்து கொட்டகையின் நாலு மூலையிலும் தெளித்தாள்.

எனக்கு அப்போது பதினோரு வயது இருக்கும். என் பயத்தைப் போக்குவதற்காகத்தான் அக்கா அதை ஒரு விளையாட்டாக மாற்றினாள். நாங்கள் அதற்கு "அமுக்குற ஆட்டம்" என்று பெயர் வைத்தோம். வாக்கியம் ஒன்றேதான், எந்தச் சொல்லைக் குரலால் அமுக்குகிறோமோ அதைப் பொறுத்து, சொல்லாமல் விட்ட ஒன்று வெளியே வரும். "ஷி"யை அமுக்கினால், அவள் கூப்பிடவில்லை, வேறு யாரோ கூப்பிட்டார்கள். "கால்" என்பதை அமுக்கினால், கூப்பிடவில்லை, வேறு ஏதோ செய்தாள். "மீ"யை அமுக்கினால், கூப்பிட்டது உண்மை, ஆனால் என்னை இல்லை.

"அப்ப யாரக் கூப்பிட்டா?" என்று நான் கேட்டேன்.

"அதத்தான் நீ கண்டுபிடிக்கணும்" என்றாள் அக்கா, அந்த வெள்ளைக்காரக் குரலிலேயே தமிழைப் பேசி. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

தமிழில் இதற்கு நாம் அவ்வளவாகக் குரலை நம்பியிருப்பதில்லை. அவள்தான், என்னைத்தான், கூப்பிடவே இல்லை என்று சொல்லின் வாலில் ஒன்றைக் கட்டிவிட்டால் வேலை முடிந்தது. காகிதத்தில் எழுதினாலும் அது அங்கேயே இருக்கும். ஆங்கிலத்திலோ எழுத்தில் ஒன்றும் தெரியாது. பேசுகிறவரின் தொண்டைக்குள்தான் அது இருக்கிறது. வாக்கியத்தின் முடிவில் குரலை இறக்கினால் கதவைச் சாத்திவிட்டோம் என்று பொருள். இறக்கி லேசாக மறுபடி தூக்கினால் கதவு ஒருக்களித்துத் திறந்திருக்கிறது, உள்ளே சொல்லாத ஒரு "ஆனால்" நிற்கிறது. இதையெல்லாம் அக்கா சொல்லச் சொல்ல, அந்தக் கொட்டகைக்குள் ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பின்னாலும் முகம் தெரியாத ஆட்கள் நிற்பதாகத் தோன்றும். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டுதான் உட்காருவேன்.

காற்றுக்காலம் முடிவதற்குள் அக்காவுக்கு வடக்கே ஒரு பெரிய நகரத்தில் வேலை கிடைத்தது. ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற பெரியகுளத்து மாமாதான் மதுரை வரை போய் ரயிலேற்றிவிட்டு, கம்பெனி விலாசத்தையும் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார். அங்கே அவளுக்கு வேறு பெயர் வைத்திருப்பதாக, கிளாரா என்று கூப்பிடுவதாக, முதல் போனில் சிரித்துக்கொண்டே சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நாங்கள் வீடு திரும்பும் நேரத்துக்கு அப்பாவின் பட்டன் போன் அடிக்கும். வாரா வாரம் அந்தச் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது. பிறகு சில வாரங்கள் போனே வரவில்லை.

மறுபடி வந்தபோது அக்கா தமிழில் பேசவில்லை.

"ஹலோ" என்றாள். அம்மா "ஏத்தா அமலி" என்று பதறினாள். அக்கா என் பெயரைச் சொல்லி, என்னிடம் கொடுக்கச் சொன்னாள், ஆங்கிலத்தில். அப்பா ஸ்பீக்கரைப் போட்டார். கொட்டகையிலிருந்து இறங்கி வந்த அதே குரல்.

"ஐ ஆம் ஹேப்பி" என்றது. "த ஃபுட் இஸ் குட். ஐ ஆம் நாட் சிக். டோன்ட் செண்ட் அப்பா." அவ்வளவுதான். லைன் கட்டாகிவிட்டது.

"என்னடி சொல்றா?" என்றார் அப்பா.

நான் சொற்களை அப்படியே தமிழில் சொன்னேன். சந்தோசமா இருக்கேன், சாப்பாடு நல்லாருக்கு, எனக்கு ஒடம்பு சரியில்லாம இல்ல, அப்பாவ அனுப்ப வேணாம். அப்பாவின் முகம் தெளிந்தது. "படிச்ச புள்ள, இங்கிலீசுலயே பேசிப் பழகிருச்சு" என்று சட்டையைக் கழற்றி மாட்டினார். அம்மா மட்டும் நகரவில்லை. ஒரு சொல்லும் புரியாத அவள்தான், "இது எம்புள்ள கொரலு இல்ல. லூர்து சொன்னது சரிதான், அது எம்புள்ள மேல வந்து ஒக்காந்துருச்சு" என்று அழுதாள்.

அந்தக் குரல் என் காதுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. சாப்பிடும்போது, பாத்திரம் கழுவும்போது, அதைச் சன்னமாகத் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். "ஃபுட்"டை அமுக்கியிருந்தாள்: சாப்பாடு மட்டும்தான் நன்றாக இருக்கிறது. "ஐ ஆம் நாட் சிக்" என்பதில் "ஐ"யை அமுக்கியிருந்தாள்: எனக்கு இல்லை, வேறு ஒருத்திக்கு. "ஹேப்பி" என்ற இடத்தில் குரல் இறங்கி, மறுபடி லேசாக எழுந்திருந்தது, கதவு சாத்தப்படவில்லை. கடைசி வாக்கியத்தில் "அப்பா"வை அமுக்கியிருந்தாள். அனுப்ப வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. அப்பாவை அனுப்ப வேண்டாம், வேறு யாரையாவது அனுப்புங்கள் என்று சொல்லியிருந்தாள். கையில் ஈரத் தட்டோடு நான் அப்படியே நின்றுவிட்டேன்.

நான் சொன்னதை அப்பா முதலில் காதில் வாங்கவில்லை. "வெளாட்டுப் பேச்செல்லாம் வச்சுக்கிட்டு அம்புட்டுத் தூரம் ஆள அனுப்ப முடியுமாடி?" என்றார். அம்மாதான் பெரியகுளத்துக்குப் போன் போட்டாள். மாமா சாயங்காலப் பஸ்ஸில் வந்து இறங்கி, என்னை எதிரில் உட்காரவைத்து, அக்கா சொன்ன நாலு வாக்கியத்தையும் அவள் சொன்ன மாதிரியே சொல்லிக்காட்டச் சொன்னார். சொன்னேன். அவர் மீசையைத் தடவியபடி இன்னொரு முறை சொல்லச் சொன்னார். எங்கள் வீட்டில் இந்தி தெரிந்தவர் அவர் ஒருவர்தான்; வடக்கே அவரோடு வேலை பார்த்த நண்பர்களும் இருந்தார்கள்.

"அடுத்த போன் வரட்டும் மாப்ள" என்று அப்பாவிடம் சொன்னார். "புள்ள சொல்றது சரியான்னு ஒருக்காப் பாத்துக்கிடுவோம். அங்கன யாரோ பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டு இருக்கான்." என் பக்கம் திரும்பி, "ஆத்தா, நீ சாதாரணமாப் பேசு" என்றார்.

அடுத்த ஞாயிறு நாங்கள் யாரும் பூசைக்குப் போகவில்லை. போனை மேஜையில் வைத்து நாலு பேரும் சுற்றி உட்கார்ந்திருந்தோம். அடித்தது. அதே "ஹலோ". அதன் பின்னால், மிக அருகில், ஒரு ஆண் இருமுகிற சத்தம். மாமா என் தோளைத் தொட்டார்.

"வீ ஆர் ஃபைன்" என்றேன். பிறகு, பள்ளியில் பாடம் ஒப்பிக்கிற மாதிரி, ஆனால் முதல் சொல்லின் மேல் என் முழுப் பலத்தையும் வைத்து, "அப்பா இஸ் நாட் கமிங்" என்றேன்.

இருமிய ஆளுக்கு அதில் என்ன கேட்டிருக்கும்? தகப்பன் வரவில்லை, அவ்வளவுதான்.

மறுமுனையில் மூச்சை இழுத்துப் பிடிக்கிற சத்தம் கேட்டது. பிறகு அக்கா "ஓகே" என்றாள். அந்தச் சின்னச் சொல் மேலே ஏறி, நடுவில் உடைந்து, அடியாழத்துக்கு இறங்கியது. அந்த ஒரு சொல்லில் மட்டும் அது அமலி அக்காவின் குரலாக இருந்தது. அம்மா வாயில் சேலையை அடைத்துக்கொண்டாள். மாமா அன்றே கிளம்பிவிட்டார்.

அவர் அக்காவோடு திரும்பி வந்தபோது அவளிடம் ஒரு பை கூட இல்லை. மாமா சொல்லித்தான் விவரம் தெரிந்தது. வெளிநாட்டு வயசாளிகளுக்குப் போன் போட்டு, உங்கள் கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது, பணம் போய்விடும் என்று மிரட்டிப் பறிக்கிற இடம் அது. சுவரெல்லாம் சத்தம் வெளியே போகாதபடி முட்டை அட்டை ஒட்டியிருந்ததாம். வேண்டாம் என்று கிளம்பியவர்களின் சான்றிதழையும் போனையும் பிடுங்கிக்கொண்டு, அடைத்து வைத்து வேலை வாங்கியிருக்கிறார்கள். வீட்டோடு பேசுவதென்றால் அவர்களுக்குப் புரிகிற ஆங்கிலத்தில் மட்டும். போலீஸோடு மாமா உள்ளே போனபோது, கடைசி அறையில் ஒரு பெண் காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்திருக்கிறாள். ஆஸ்பத்திரியில் பெயர் கேட்டபோது கூட இருந்த பெண்கள் ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. லிண்டா என்பதுதான் எல்லோருக்கும் தெரியும். அது போனுக்காக வைத்த பெயர். பிறகு அவளுடைய அண்ணன் வந்து அழைத்துப் போனதாகக் கேள்வி.

அக்கா ஒரு மாதத்துக்கு மேல் யாரோடும் பேசவில்லை. ஒரு பிற்பகல் நான் மாடிக்குப் போனபோது அவள் கொட்டகை வாசலில் உட்கார்ந்து, திராட்சைப் பந்தலைப் பார்த்தபடி மெதுவாக அந்தக் குரலில் பேசிக்கொண்டிருந்தாள். "டோன்ட் வரி, சார். ப்ளீஸ் டோன்ட் வரி." கவலைப்படாதீர்கள் என்றுதான் சொற்கள் சொல்லின. ஆனால் அந்த இழுவையில், பகல் வெயிலில் நின்றிருந்த நானே ஓரடி பின்வாங்கினேன்.

என்னைப் பார்த்ததும் நிறுத்தினாள். "இப்பிடித்தான் பயமுறுத்தணும். வார்த்தையில ஒண்ணும் இருக்கக் கூடாது" என்றாள்.

அப்புறம், அங்கிருந்து அவள் போன் போட்டுப் பேசிய ஒரு மூதாட்டியைப் பற்றிச் சொன்னாள். அக்கா சொல்லச் சொல்ல, அந்த அம்மாள் தன் கம்ப்யூட்டரைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காமல் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, கடைசியில், "ஆர் யூ ஆல் ரைட், டியர்?" என்றாராம். "யூ"வை அமுக்கி. என்னை விடு, நீ நன்றாக இருக்கிறாயா, அம்மா?

"நா யாரு, எங்கன இருக்கேன்னே தெரியாதுடி அவுகளுக்கு. கொரல வச்சே கண்டுபிடிச்சுட்டாக" என்றாள் அக்கா. "ஒடனே பக்கத்துல நின்னவங்கெ லைன வெட்டிட்டாங்கெ. அப்பத்தான் தோணுச்சு, அவுகளுக்குக் கேக்கும்னா ஒனக்கும் கேக்கும்னு."

அதைச் சொல்லிவிட்டு அவள் வெகுநேரம் அழுதாள். அந்த அம்மாளிடம் அடுத்து வேறு எந்தப் பெண் பேசியிருப்பாள், அவர் பணம் பறிபோனதா என்பது அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

வருஷங்கள் ஓடிவிட்டன. அக்காவுக்குப் பெரியகுளத்தில் கல்யாணமாகி, மாமியார் வீட்டு மாந்தோப்புக் கணக்கு வழக்கெல்லாம் அவள்தான் பார்க்கிறாள். அந்த ஆங்கிலக் குரல் அவளை விட்டுப் போய்விட்டது. பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் எப்போதாவது பேச நேர்ந்தால், ஏற்றமும் இறக்கமும் இல்லாமல் தட்டையாக நாலு சொல் சொல்லிவிட்டு வந்துவிடுகிறாள்.

ஆனால் ஒன்றை நான் கவனித்திருக்கிறேன். தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் எல்லோரையும் போல அவள் அதை வெட்டுவதில்லை. பேசாமல் கடைசிவரை கேட்பாள். போன மாதம் நான் அங்கே போயிருந்தபோது அப்படி ஒன்று வந்தது, ஸ்பீக்கரைப் போட்டாள். நல்ல ஆங்கிலத்தில், இனிமையான ஒரு பெண் குரல்; எங்கே அமுக்க வேண்டுமோ அங்கே அமுக்கி, எங்கே இறக்க வேண்டுமோ அங்கே இறக்கி, அக்காவின் கணக்கில் ஏதோ சிக்கல் என்றது. அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். அவள் முகத்தில் யாரையோ தேடுகிற மாதிரி ஒரு பாவம்.

"மூச்சே வாங்கல பாத்தியா" என்றாள், போனைக் கீழே வைத்து. "மெசினு. முன்னெல்லாம் உள்ள ஒருத்தி இருப்பா."

அவள் அதை நிம்மதியோடு சொன்னாளா, வேறு எதனோடு சொன்னாளா என்று எனக்குத் தெரியவில்லை. குரலை வைத்து எதையும் கண்டுபிடித்துவிடுவேன் என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன்.