கத்தியை விட்ட விரல்

எழுபதுகளின் கடைசியில் மலேசியாவில் ஈப்போவுக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தேன். என் வலது மோதிர விரல் மடங்கினால் நிமிராது. சுளுக்கு என்று ஆளாளுக்குச் சுடுஎண்ணெய் தடவி இழுத்தார்கள், வீக்கம்தான் மிச்சம்.

எங்களை வேலை வாங்கும் மண்டோர் அதையும் நம்பவில்லை. ஒரு நாள் காலைப் பெரட்டில், ஆள் கணக்கெடுக்கும்போது எல்லோர் முன்னாலும் கத்தினார்.

"ஏம்மா, நடிக்காத லா! முடியலன்னா கத்திய வச்சிட்டுப் போ!"

வைக்கத்தான் பார்த்தேன். விரல் கத்திப்பிடியைச் சுற்றிப் பூட்டிக்கொண்டது. கையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"நீங்களே எடுத்துக்குங்க அண்ணே."

வெடுக்கென்று பிடுங்கினார். விரல் 'டக்'கென்று நிமிர்ந்தது. நான் போட்ட அலறலில் அவர் முகம் வெளுத்துவிட்டது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

விரலை இழுக்கும் நாண் ஓடுகிற உறை தடித்திருக்கிறது என்றார் ஈப்போ டாக்டர். ஊசிக்குக் கேட்காததால், உள்ளங்கையில் சின்னதாகக் கீறி அந்த உறையைத் திறந்துவிட்டார். புண் ஆறும்வரை வேலை கூடாது என்றார்.

தையல்கூடப் பிரிக்கவில்லை, மண்டோர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"விரல் நிமிந்திருச்சில்ல? ஆள் பத்தல, நாளைக்கு வந்துரு லா" என்று கத்தியை என் கையில் திணித்தார்.

வலியோடு அதைப் பிடித்தேன். பிறகு, அவர் பார்க்கப் பார்க்க ஐந்து விரலையும் விரித்தேன். கத்தி வாசற்படியில் விழுந்து உருண்டது.

"பாத்தீங்களா, இப்ப விடுது. டாக்டர் சொன்ன நாள் முடியட்டும், வாரேன்."

அதுவரை என் கைக்குப் பிடிக்க மட்டும்தான் தெரிந்திருந்தது.