கால் படாத இடம்

நேற்றுப் புயலில் மின்சாரம் போய்விட்டது. இன்று காலை ஃப்ரீசரைக் காலி செய்துகொண்டிருந்தபோது அது கையில் அகப்பட்டது. பட்டாணிப் பொட்டலத்துக்குப் பின்னால், பனி உருகி ஈரமாக, உள்ளங்கை அளவில் ஒரு பால் பை. மேலே கறுப்பு மார்க்கரில் 'பாப்பாவுக்கு, சாயங்காலம்' என்று எழுதியிருந்தது. கையெழுத்து என் ஓரகத்தியுடையது. என் கணவரின் அண்ணன் மனைவி. உள்ளே இருப்பது தாய்ப்பால், அதுவும் அவளுடையது. ஆறு வருடமாக அதைக் கொட்டவும் மனம் வரவில்லை, திருப்பிக் கொடுக்கவும் மனம் வரவில்லை. நேரில் அவளை அக்கா என்றும் வாங்க போங்க என்றும்தான் பேசுவேன். மனசுக்குள் என்றைக்கும் அவள், இவள்தான். இங்கேயும் அப்படியே எழுதிவிடுகிறேன்.

எனக்கு அவள்மேல் பொறாமை. சுற்றி வளைக்க ஒன்றுமில்லை. நியூ ஜெர்சியில் இரண்டு தெரு தள்ளி வீடு, ஒரே வருடத்தில் இரண்டு பேருக்கும் பிரசவம், அவளுக்குப் பையன், ஐந்து வாரம் கழித்து எனக்குப் பெண். பிள்ளை பெற்றபின் எனக்குக் கொத்துக் கொத்தாக முடி கொட்டியது, அவளுக்குப் பின்னல் இன்னும் கனத்தது. அவள் பையன் தொட்டிலில் போட்டால் தூங்குவான், என் பெண் தோளை விட்டு இறங்க மாட்டாள். மாமியார் ஊரிலிருந்து வீடியோவில் வரும்போதெல்லாம், "மூத்தவ கைராசிக்காரி" என்பார். இளையவள் கையைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டார். கொடுத்து வைத்தவள் என்று ஊரே சொல்கிறதே, யாரிடம் கொடுத்து வைத்தாள், எனக்கும் அந்த விலாசத்தைச் சொல்லக் கூடாதா என்று நினைத்துக்கொள்வேன்.

போதாக்குறைக்கு என் நோயிலும் அவளுக்கு ஒரு பங்கு இருந்தது. குழந்தை பிறப்பதற்கு நாலு வருடம் முன்னால், வீடு வாங்கிய கோடையில், கொல்லைப்பக்கம் வெண்டைக்காய்ச் செடி வைக்கிறேன் என்று புல்லில் வெறுங்காலோடு திரிந்தேன். முழங்காலுக்குப் பின்னால் வட்டமாகச் சிவந்தது. அவளிடம்தான் காட்டினேன். கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பார்த்துவிட்டு, "படர்தாமரைடி. மஞ்சள் வெச்சு ஊர் க்ரீம் போடு, ஓடிடும்" என்றாள். மூன்று வாரம் பயபக்தியோடு போட்டேன். வட்டம் ஓடித்தான் போனது. அப்புறம் முழங்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியது. டாக்டர் மான் உண்ணி கடித்து வருகிற லைம் நோய் என்று சொல்லி ஒரு மாதம் மருந்து கொடுத்தார். மதுரையிலிருந்து அம்மா, "எலுமிச்சம்பழத்துல கூடவா நோய் வரும்? சாதத்துல பிழியறத விட்டுடு" என்று அழுதாள். லைம் என்பது அமெரிக்காவில் ஒரு ஊர், அந்தப் பெயர்தான் நோய்க்கு என்று விளக்கியும் கேட்கவில்லை. இரண்டு வருடம் எலுமிச்சை ஊறுகாய் அனுப்பவே இல்லை.

பெண்ணுக்கு மூன்றரை மாதமானபோது அதே முழங்கால் மறுபடி வீங்கியது. கூடவே காய்ச்சல், எழுந்து நிற்க முடியாத அசதி. கிளினிக்கில் ரத்தம் எடுத்தார்கள். பழைய நோயின் அடையாளம் ரத்தத்தில் வருடக்கணக்கில் நிற்குமாம், அதனால் பரிசோதனையை வைத்துத் திரும்ப வந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது, வரவில்லை என்றும் சொல்ல முடியாது என்றார்கள். மருந்து எழுதிக் கொடுத்து, பால் கொடுப்பதைப் பற்றிக் குழந்தையின் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளச் சொன்னார்கள். ஃபோன் போட்டால் ஒரு நிமிட வேலை. நான் போடவில்லை. நிறுத்து என்று அவர் சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில், அவர் சொல்லுமுன் நானே நிறுத்தினேன். தடுப்பூசி போடப் போகும் நாளில் நேரில் கேட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன். அதற்குப் பத்து நாள் இருந்தது. இத்தனை படித்த நான் செய்த காரியம் இது.

பவுடர் பாலை என் பெண் வாயில் வைத்த வேகத்தில் துப்பினாள். அரை நாள் அழுகைக்குப் பிறகு என் கணவர் அண்ணிக்கு ஃபோன் செய்தார். அவள் ஒரு சின்ன ஐஸ் பையோடு வந்து நின்றாள். "எனக்குத் தேவைக்கு மேல சுரக்குது, ஃப்ரீசர்ல இடமே இல்ல. நீ டென்ஷன் ஆகாத" என்றாள். தினமும் பதினோரு மணிக்கு, ஆபீஸ் மீட்டிங் இரண்டுக்கு நடுவில், காரில் வந்து வைத்துவிட்டுப் போவாள். ஒவ்வொரு பையிலும் வேளை எழுதியிருக்கும். என் பெண் அதைச் சப்புக்கொட்டிக் குடித்தாள். நான் மூன்று மணிக்கொரு தரம் பம்பில் என் பாலை எடுத்து, சுரப்பு வற்றாமல் இருக்க எடுத்து, சிங்க்கில் கொட்டினேன். ஒரு நாள் அதைப் பார்த்துவிட்டாள்.

"ஐயோ, சிங்க்ல ஊத்தாதடி. தாய்ப்பால கால் படாத இடத்துல, செடிக்குத்தான் ஊத்தணும். எங்கம்மா சொல்வாங்க."

"வெளிய புல்லு பூரா உண்ணிதான்க்கா. எந்தச் செடிக்குப் போய் ஊத்த?" என்றேன். சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இடம் இல்லாத அளவுக்குப் பால் உள்ளவளுக்கு அறிவுரை சொல்ல நேரமும் இருக்கிறது என்று வயிறு எரிந்தது.

ஏழாம் நாள் மாடியில் அசந்து தூங்கிவிட்டேன். விழித்தபோது வீடு அமைதியாக இருந்தது. நொண்டி நொண்டிக் கீழே வந்தால், சோபாவில் அவள் உட்கார்ந்திருக்கிறாள், மடியில் என் பெண், அவள் மார்பில் வாய் வைத்து. குழந்தையின் ஒரு கை அவளுடைய பின்னலைப் பிடித்திருந்தது. "பாட்டில எடுக்கவே மாட்டேன்னு அழுதா. பசி தாங்கலடி, அதான்" என்றாள். நான் சரிக்கா என்றேன். சமையலறைக்குப் போனேன். அன்றைக்கு அவள் கொண்டுவந்த பையைப் பிரித்து, குழாயைத் திறந்துவிட்டு, சிங்க்கில் கொட்டினேன். தெரியாமல் செய்யவில்லை. சிங்க்கில் ஊற்றக் கூடாது என்று அவள் சொன்னதாலேயே ஊற்றினேன். பம்பு பிடித்தவர்களுக்குத் தெரியும், அந்த ஒரு பை எத்தனை நேரத்து வலி என்று. எனக்கும் தெரியும். மறுநாள் பதினோரு மணிக்கு அவள் வழக்கம்போல் வந்தாள். அவளுக்குத் தெரியுமா தெரியாதா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

பத்தாம் நாள் குழந்தையின் டாக்டர், மருந்துச் சீட்டைப் பார்த்துவிட்டு, நிறுத்தியிருக்கவே வேண்டியதில்லை என்றார். இந்த மருந்தோடு பால் கொடுக்கலாமாம், பால் வழியாக இந்த நோய் பரவியதாகவும் தெரியவில்லையாம். காரில் உட்கார்ந்து அழுதேன். வீட்டுக்கு வந்து மார்போடு அணைத்தபோது என் பெண் இரண்டு முறை முகத்தைத் திருப்பிக்கொண்டாள், மூன்றாம் முறை பிடித்தாள். அந்தச் சந்தோஷத்தில் ஐஸ் பையைத் திருப்பிக் கொடுக்க அவள் வீட்டுக்குப் போனேன். இனிமேல் உங்கள் பால் வேண்டாம் என்று சொல்லப்போகிற சந்தோஷமும் அதில் இருந்தது, மறைப்பானேன். அவள் வீட்டு அடுப்பு மேடையில் பவுடர் பால் டின்கள் வரிசையாக இருந்தன. இரண்டு காலி, ஒன்று பாதி. பையன் பாட்டிலில் அதைக் குடித்துக்கொண்டிருந்தான். நான் டின்னைப் பார்ப்பதை அவள் பார்த்தாள்.

"இவன் எதக் குடுத்தாலும் குடிப்பான். உன் பொண்ணுதான் மகாராணி" என்றாள். அவன் குடித்து முடித்த பாட்டிலைக் கழுவிக்கொண்டே, "நான்தானடி அன்னிக்குப் படர்தாமரைன்னு சொன்னது" என்றாள்.

உருகியிருக்க வேண்டும். உருகவில்லை. நல்லவளாக இருப்பதிலும் இவள்தான் முந்திக்கொள்ள வேண்டுமா என்றுதான் முதலில் தோன்றியது. வீட்டில் மிச்சமிருந்த ஒரு பையை ஃப்ரீசரின் அடியில் தள்ளினேன். முழங்கால் வீக்கம் இரண்டு மாதத்தில் வடிந்தது. நோய் திரும்ப வந்ததா, வராமலே பயம் காட்டியதா என்று இன்றுவரை யாரும் அடித்துச் சொல்லவில்லை. அவர்கள் டெக்சாஸ் ஃபிரிஸ்கோவுக்கு மாறிப் போய் மூன்று வருடமாகிறது. என் பெண் இன்னும் ஃபோனில் பெரியம்மா முகம் வந்தால் என் மடியை விட்டு இறங்கி ஓடுவாள். எனக்கு இன்னும் எரியும்.

இன்று என் பெண்தான் பையைக் கையில் எடுத்து, "அம்மா, வாட்ஸ் திஸ்? ஐஸ்கிரீமா?" என்றாள். நீ குடித்த பால் என்றேன். "யுவர்ஸ்?" என்றாள். ஆமாம் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. வாய்வரை வந்தது. "இல்ல. பெரியம்மாவோடது" என்றேன்.

பேன்ட்டைச் சாக்ஸுக்குள் சொருகிக்கொண்டு, பல வருடம் கழித்துக் கொல்லைப்பக்கம் இறங்கினேன். வேலியோரம், யாரும் நடக்காத மூலையில், ரோஜாச் செடியடியில் ஊற்றினேன். நிமிர்ந்து பார்த்தால் என் பெண் படியில் நின்று அதற்குள் ஃபிரிஸ்கோவுக்கு ஃபோன் போட்டிருந்தாள். கையிலிருந்து அதை வாங்கினேன்.

"அக்கா, அன்னிக்கு உங்க பால் ஒரு பை, நான் சிங்க்ல..."

"தெரியும்டி. குழாய் சத்தத்துக்கு நடுவுல பை கிழியற சத்தமும் கேட்டுச்சு" என்றாள். பக்கத்தில் பையனை ஏதோ அதட்டினாள். பிறகு சாதாரணமாகக் கேட்டாள். "இப்பவாவது செடிக்கு ஊத்தினியா?"

காலிப் பை என் கையில் இருந்தது. மார்க்கர் எழுத்து ஈரத்திலும் அழியவில்லை.

"ஊத்திட்டேன்க்கா" என்றேன்.