எங்கள் ஜீப்பின் முனகல்

எங்கள் ஜீப்பில் ஏதோ சத்தம் வருகிறது என்று முதலில் சொன்னவர் அம்மா. அப்பா ஒப்புக்கொள்ளவில்லை. குறை கண்டுபிடிக்காவிட்டால் அம்மாவுக்குச் சோறு இறங்காது என்பது அப்பாவின் நெடுநாள் கட்சி. "வண்டின்னா சத்தம் வராம பாட்டா பாடும்?" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். வழக்கு அத்துடன் தள்ளுபடி.

ஆனால் அது சாதாரண வண்டிச் சத்தம் இல்லை. வேகம் கூடக் கூட, மெலிதாக, உச்சத்தில், ஙொய்ய் என்று இழுக்கும். மாவு மில் வாசலில் நிற்பது போலிருக்கும். ஒரு கல்யாணத்துக்கு வெளியூர் போனபோது எனக்கும் கேட்டது. ஒன்பது வயதுப் பெண்ணின் சாட்சி எங்கள் வீட்டில் செல்லாது என்பதால் நான் வாயைத் திறக்கவில்லை.

திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில், பழுக்கக் காய்ச்சிய இரும்பை இயந்திரச் சம்மட்டி அடிக்கும் பகுதியில் அப்பா பல வருடம் வேலை பார்த்தவர். அதை இழுத்து மூடியபோது கையில் வந்ததைக் கொண்டு ஏலத்தில் இந்தப் பழைய ஜீப்பை வாங்கினார். நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டி. எண்ணூர் கழிமுகத்து ஓரமாக மணலிலும் சேற்றிலும் போகிற அனல் மின் நிலையத்துச் சாம்பல் குழாய்களைப் பார்வையிடும் ஓர் அதிகாரிக்கு அப்படியொரு வண்டி தேவைப்பட்டது. காத்திவாக்கத்தைத் தாண்டினால் மற்ற வண்டிகள் புதைந்துவிடும், எங்களுடையது போய்விடும். எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது அந்த ஒரு வாடகையால்தான்.

அந்த அதிகாரிதான் ஒருநாள் சொல்லிவிட்டார். "டிரைவர், இந்தச் சத்தத்துல எனக்குத் தலைவலியே வந்துடுது. சீக்கிரம் சரி பண்ணுங்க. இல்லன்னா நான் வேற வண்டிதான் பாக்கணும்."

அன்று வீட்டுக்கு வந்த அப்பா, அந்தச் சத்தம் எப்படி இருக்கும் என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா வாயால் செய்து காட்டினார். அப்பா அவருடைய வாயையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அம்மா ஏனோ இரண்டாம் முறை செய்து காட்டாமல் உள்ளே போய்விட்டார்.

வேறு வழியில்லாமல் மாமாவுக்குச் சொல்லி அனுப்பினார்கள். மாமா என்றால் அம்மாவின் தம்பி. காசிமேட்டில் விசைப்படகுகளுக்கு எஞ்சின் பார்ப்பவர். அவருக்குத் தெரியாத எஞ்சின் உலகத்திலேயே கிடையாது. இதை எங்களுக்குச் சொன்னவரும் அவர்தான்.

மாமா வந்தார், ஜீப்பைச் சுற்றினார், டயரை உதைத்தார், வேகமாக ஓட்டிப் பார்க்காமல் ஒன்றும் சொல்ல முடியாது என்றார். அங்கேதான் சிக்கல். எங்கள் பக்கத்து ரோட்டில் வேகமாக ஓட்டுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை வரிசை கட்டி நிற்கும். டிரைவர்கள் லாரிக்கு அடியிலேயே அடுப்பு மூட்டிச் சமைத்துச் சாப்பிட்டு, குளித்து, துணியும் காயப்போடுவார்கள். அந்த நெரிசலில் எங்கள் ஜீப் முனகுகிற வேகத்தைத் தொடவே தொடாது. அதிகாரி போகிற மணல்பாதையை அடைவதற்கு முன்னால் ஒரு துண்டு நல்ல ரோடு உண்டு, எங்கள் பக்கத்தில் அங்கே மட்டும் முனகும். அங்கே போய்ச் சோதித்தால் மின் நிலையத்து ஆட்கள் பார்ப்பார்கள் என்று அப்பாவுக்குக் கூச்சம்.

எங்கள் அதிர்ஷ்டம், அந்த வாரமே லாரிக்காரர்கள் வேலைநிறுத்தம் அறிவித்தார்கள். ஊருக்கே பேஜார், எங்களுக்கு மட்டும் திருவிழா. காலி ரோட்டில் பையன்கள் ஸ்டம்பு நட்டு கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். பள்ளி லீவு என்பதால் நானும் ஏறிக்கொண்டேன். அப்பா ஓட்டினார். மாமா பின்னால் தரையில் குப்புறப் படுத்து, நீளமான ஸ்க்ரூ டிரைவரின் ஒரு முனையைத் தளத்து இரும்பில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக்கொண்டார். முன்சீட்டு இரண்டுக்கும் நடுவில் ஒரு பலகை போட்டு என்னை உட்கார வைத்தார்கள். மாமா கத்துவதை அப்பாவுக்குச் சொல்வது என் வேலை. எஞ்சின் இரைச்சலில் பின்னால் படுத்திருப்பவர் பேசுவது முன்னால் எப்படிக் கேட்கும் என்று நானும் நியாயமாகவே எடுத்துக்கொண்டேன். ஆனால் எனக்குக் கேட்டது.

"அமுத்து" என்பார் மாமா. நான் அப்பாவின் முட்டியைத் தட்டிச் சொல்வேன், ஆக்சிலேட்டர் அமுங்கும், முனகல் ஏறும். "உட்டுடு" என்றால் குரல் மாறி இறங்கும். முதலில் டயர்தான் பாடுகிறது என்று அடித்துச் சொன்ன மாமா, சிமெண்ட் ரோட்டிலும் தார் ரோட்டிலும் ஒரே சத்தம் வந்ததும் அதைத் தான் சொல்லவே இல்லை என்பது போல விட்டுவிட்டார். அடுத்து, ஓடும்போதே கியரை நியூட்ரலில் போடச் சொன்னார். எஞ்சின் அடங்கியது, முனகல் அடங்கவில்லை. ஆகவே எஞ்சினும் இல்லை, பெரிய கியர்பாக்ஸும் இல்லை. பின்னால் இருக்கிற சின்னப் பெட்டி, முன்சக்கரங்களுக்கும் இழுப்பைப் பிரித்து அனுப்புவது, அதுதான் என்று மாமா எழுந்து உட்கார்ந்தார்.

அப்போதுதான் என் காலடியில் இருந்த குட்டி லீவரைப் பார்த்தார். மணலில் போகும்போது நான்கு சக்கர இழுப்புக்காகத் தள்ளி வைக்கிற லீவர் அது. நல்ல ரோட்டுக்கு வந்ததும் திரும்ப எடுத்துவிட வேண்டும். எடுக்காமல் ஓட்டினால் முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கும், அடி முழுவதும் அந்தச் சின்னப் பெட்டிக்கு விழும்.

"இன்னா மச்சான், தார் ரோட்டுல ஃபோர் வீலு போட்டுகினு ஓட்டிகினு கீற?"

அப்பா அதே வேகத்தில் ஓட்டிக்கொண்டிருந்தார். நான் முட்டியைத் தட்டி லீவரைக் காட்டினேன். "மறந்துட்டேன்" என்று சொல்லி எடுத்துவிட்டார். முனகல் கொஞ்சம் குறைந்தது, போகவில்லை.

மாமா நகர்ந்து அப்பாவின் சீட்டுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தார். பிறகு அப்பாவின் தலைக்குப் பின்னாலிருந்து, பக்கத்தில் இருப்பவரிடம் வெற்றிலை கேட்கிற குரலில் சொன்னார்: "மச்சான், உன் பின் டயரு கயண்டு ரோட்டுல ஓடிகினு கீது."

நான் பதறித் திரும்பிப் பார்த்தேன். டயர் இருந்த இடத்தில்தான் இருந்தது. மாமாவின் குசும்பை நினைத்து விழுந்து விழுந்து சிரித்தேன். அப்பா ரோட்டைப் பார்த்து நிதானமாக ஓட்டிக்கொண்டிருந்தார். மாமா சிரிக்கவில்லை.

ஒரு மரத்தடியில் நிறுத்தச் சொல்லி, மாமா அடியில் புகுந்து சின்னப் பெட்டியின் நட்டைக் கழற்றினார். கொஞ்சமாக, தண்ணீர் போல ஆயில் இறங்கியது. அதில் இரும்புத் தூள் மினுமினுத்தது. கையைத் துடைத்துக்கொண்டு அப்பாவுக்கு நேரெதிரே வந்து நின்று, உரக்கச் சொன்னார்: "இது இன்னிக்கி நேத்து கத்தல மச்சான். ரொம்ப நாளா கத்திகினு கீது. உனுக்கு ஒரு தபா கூடவா கேக்கல?"

"எஞ்சின் சத்தத்துல தெர்ல" என்றார் அப்பா.

எதையும் பாதியில் விடாத மாமா, "சர்தான், உடு" என்று விட்டுவிட்டார். எனக்கு அவர்மேல் கோபமாக இருந்தது. தான் கண்டுபிடித்ததைப் பெரிதாகக் காட்ட அப்பாவை மட்டம் தட்டுகிறார் என்று நினைத்தேன்.

புதுப்பேட்டையில் பல்சக்கரமும் பேரிங்கும் தேடி வாங்கி மாமாவே மாட்டிக் கொடுத்தார். முனகல் போய்விட்டது. அதிகாரி மறுபடி ஏறி உட்கார்ந்து, "அப்பாடா" என்றார். அதைவிடப் பெரிய சந்தோஷம் எனக்கு. அந்த லீவு முழுக்க அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். "வூட்டுல தனியா உட முடியல சார்" என்று அதிகாரியிடம் சொன்னார். வீட்டில் அம்மா இருந்தார்.

எனக்குப் பலகைதான் இடம். அதிகாரி பேசினால் அப்பாவின் முட்டியைத் தட்ட வேண்டும், அவர் சொன்னதை ஒருமுறை சத்தமாகத் திருப்பிச் சொல்ல வேண்டும், பின்னால் யாராவது ஹாரன் அடித்தால் சட்டையை இழுக்க வேண்டும். "அந்த வால்வு கிட்ட நிறுத்தணுமாம்பா" என்று நான் கிளிப்பிள்ளை போல ஒப்பிப்பதைக் கேட்டு அதிகாரி சிரிப்பார். எனக்கு அசிஸ்டெண்ட் என்று பட்டமே கொடுத்துவிட்டார். தெருவில் வேறு எந்தப் பிள்ளையையும் அதன் அப்பா வேலைக்குக் கூட்டிப் போவதில்லை. அப்பாவுக்கு என்னை விட்டுப் பிரிய மனமில்லை என்று நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தது. முதல் நாள் நான் மாலையில் திரும்பியபோது ஜீப் வாசலில் நின்றது, வழக்கத்தைவிடச் சீக்கிரம். பின்பக்க மட்கார்டு உள்வாங்கி, நீளமாகச் சிராய்த்திருந்தது. ஏதோ லாரி பின்னாலிருந்து ஹாரன் அடித்துக்கொண்டே வந்து உரசிவிட்டதாம். அப்பாவுக்கு அடி இல்லை.

"சத்தம் திரும்ப வந்துட்ச்சி பாப்பா" என்றார். "சார் கிட்ட சொல்லிட்டேன், இனிமே வண்டி வராதுன்னு."

நான் நம்பவில்லை. என்னை ஏற்றிக்கொண்டு போகச் சொல்லி அடம்பிடித்தேன். மணல்பாதைக்கு முன்னால் இருக்கிற அந்த நல்ல ரோடு வரைக்கும் ஓட்டினார், நல்ல வேகமும் எடுத்தார். நான் குனிந்து தளத்தில் காதை வைத்துக் கேட்டேன். ஒரு முனகல் இல்லை.

"சத்தமே இல்லப்பா!" என்று அவர் முகத்துக்கு நேரே கத்தினேன்.

"உனுக்குக் கேக்கல. எனுக்குக் கேக்குது."

வீட்டுக்கு வந்ததும் ஓடிப்போய் அம்மாவிடம் முறையிட்டேன். அப்பா சொல்வது எதையும் ஒருமுறையாவது மறுக்காமல் விடாத அம்மா, அப்பாவை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "ஆமா, காலைல வண்டிய எடுக்கும்போது எனக்கும் கேட்டுச்சி" என்றார்.

பெரியவர்கள் இரண்டு பேருக்கும் கேட்கிற சத்தம் எனக்கு மட்டும் கேட்கவில்லை. இனி அப்பா எதற்கு என்னைக் கூட்டிப் போவார் என்று நினைத்து அழுதேன். அழுது முடித்து, காதில் ஏதோ கோளாறு என்று நானே முடிவுக்கு வந்தேன். மறுநாள் வகுப்பில் டீச்சரிடம் போய், எனக்குக் காது சரியாகக் கேட்பதில்லை, முதல் பெஞ்சுக்கு மாற்றிவிடுங்கள் என்று கேட்டேன்.