எல்லாரும் நிற்கிற படம்

கத்தரிக்கோலின் முனை கோவிந்தராஜின் காதைச் சுற்றித் திரும்பும்போது மட்டும் பவுனம்மா மூச்சை அடக்கிக்கொள்வாள். புருஷனுக்குக் காது சற்றுப் பெரிது. அவசரப்பட்டால் மடல் போய்விடும். வெட்டியெடுத்த தலையை உள்ளங்கையில் வைத்து ஊதி, பின்புறம் மைதாப் பசை தடவி, பேரனின் காதுகுத்துப் படத்தில் காலியாகக் கிடக்கும் இடத்தில் ஒட்டுவாள். கோவிந்தராஜ் இறந்தது தொண்ணூற்று ஒன்றில். காதுகுத்து நடந்தது தொண்ணூற்று எட்டில்.

"உசிரோட இருந்தா மொத ஆளா வந்து நின்னிருப்பாரில்ல? அப்ப நிக்கட்டும்" என்பாள்.

மராத்தி பேசும் ஊரில், கிர்க்கி பஜாருக்குப் பின்னால் இரண்டாவது மாடியில் இருக்கும் அந்த வீட்டுக்கு யாராவது புதிதாக வந்து, அம்மா ஆல்பத்தை எடுத்தால், மகன் தங்கராஜுக்கு உடம்பு கூசும். வந்தவர் கைத் தம்ளர் வாய்க்குப் போகும் வழியில் அப்படியே நின்றுவிடும். அவன் மனைவியின் அத்தை ஒருத்தி, "இவரு போயிட்டாருன்னுல்ல சொன்னாங்க" என்று கழுத்துத் தாலியைத் தொட்டுக்கொண்டாள். கறுப்பு வெள்ளைத் தலைக்குக் கீழே துணிக்கடைக் காலண்டரிலிருந்து வெட்டிய நீலக் கோட்டு. யாருடைய சேலைக் கரையாவது மங்கியிருந்தால் பவுனம்மா ஸ்கெட்ச் பேனாவால் ஜரிகை போட்டுவிடுவாள். ஆள் குறைந்த படம் எதையும் அவள் ஆல்பத்தில் வைத்ததில்லை.

அதில் தங்கராஜ் பார்க்காமல் புரட்டிவிடும் முகம் ஒன்று உண்டு. தங்கை கிரிஜா. தொண்ணூற்று நாலில், கூட வேலை பார்த்த மராத்திக்காரனைக் கட்டிக்கொண்டு வந்து நின்றவளிடம், "இந்த வாசப்படிய மிதிச்சே, அப்புறம் நான் மனுசனா இருக்க மாட்டேன்" என்றவன் அவன்தான். அன்றிலிருந்து அவள் மிதிக்கவில்லை. கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு அம்மா கிரிஜா குடியிருக்கும் விஷ்ராந்த்வாடிக்குப் பஸ் ஏறுவது அவனுக்குத் தெரியும், கேட்டதில்லை. ஆனால் வீட்டு விசேஷப் படம் ஒவ்வொன்றிலும் கிரிஜா வந்துவிடுவாள், கல்லூரி அடையாள அட்டையில் இருந்த முகத்தோடு, அண்ணன் தோளை ஒட்டி. ஒருமுறை அவன் அவளைப் பிய்த்தெடுத்தான். அவனுடைய தோளும் கூடவே கிழிந்து வந்தது. பவுனம்மா சண்டை போடவில்லை. வேறு பிரிண்ட் போட்டு, முன்னைவிட நெருக்கமாக ஒட்டி வைத்தாள்.

"பழைய மூஞ்சிதான் ஒட்டுவேன். இப்ப எப்டி கீறாள்னு பாக்கணும்னா நேரா போய்ப் பாருடா."

இரண்டாயிரத்து ஆறில் பஜாரில் ஃப்ளெக்ஸ் அச்சடிக்கும் கடை வந்தது. சுவர் அளவுக்குப் பெரிதாக்கித் தருவார்கள் என்று தெரிந்ததும் பவுனம்மாவுக்குக் கை நிற்கவில்லை. நடுவில் தன்னை வைத்து, சுற்றிலும் செத்தவர், இருப்பவர், வராதவர் எல்லாரையும் ஒட்டி ஒரு படம் செய்து கடையில் கொடுத்துவிட்டு வந்தாள். கல்லாவில் வாங்கியவர் ஒருவர். கம்ப்யூட்டரில் உட்கார்ந்தவர் வேறொருவர். நரைத்த தலையைப் பெரிதாக்கச் சொல்லி அந்தக் கடைக்கு வருகிறவர்கள் ஒரே காரியத்துக்குத்தான் வருவார்கள். வழக்கம்போல மேலே இரண்டு வார்த்தை சேர்த்து அச்சடித்து, வழக்கம்போல நாலு தெரு கூடும் சௌக்கில் கொண்டுபோய்க் கட்டிவிட்டார்கள்.

முதல் ஷிப்ட் முடிந்து ஆகுர்டியிலிருந்து வந்த கம்பெனி பஸ் சௌக்கில் நின்றது. படியில் கால் வைத்த தங்கராஜ் நிமிர்ந்து பார்த்தான். டீக்கடைக் கூரைக்கு மேலே, ஆளைவிடப் பெரிதாக, அம்மா. தலைக்கு மேல் 'பாவபூர்ண ஸ்ரத்தாஞ்சலி' என்று, செத்தவர்களுக்கு மராத்தியில் எழுதும் அந்த இரண்டு வார்த்தைகள்.

"உத்ரோ யார்" என்று பின்னாலிருந்து யாரோ இறங்கச் சொல்லித் தள்ளினார்கள். இறங்கியது அவனுக்கு நினைவில்லை.

போர்டுக்குக் கீழே, முன்பு அவர்கள் லைனில் குடியிருந்த மும்தாஜ் காய்ப் பையோடு நின்று டீக்கடைக்காரரிடம் அழுதுகொண்டிருந்தாள். "பதினெட்டு வயசுல ஆற்காட்டுலேருந்து வந்த பொம்பள. மூணு புள்ளயப் பறிகுடுத்துட்டு ரெண்ட வளத்துச்சி. என் நிக்காஹுக்கு முட்ட ஓட்டுல மயில் செஞ்சி வெச்சிச்சிப்பா, ஜனம் மாப்ளய உட்டுட்டு மயிலப் பாத்துச்சி." தங்கராஜைக் கண்டதும் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "எப்படா ஆச்சி? நேத்துகூட நல்லா இருந்துச்சே!"

அவன் கையை உதறிக்கொண்டு வீட்டுக்கு ஓடினான்.

பவுனம்மா தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னாடா, ஷூவோட அடுப்பாண்ட வர்ற?"

அவன் அரிசி டிரம்மைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். மூச்சு வாங்கியது. "சௌக்ல போர்டு வெச்சிக்கிறாங்கம்மா. நீ செத்துட்டன்னு."

கரண்டி நின்றது. "சௌக்லயா? ஊட்டு சொவத்துக்குன்னுதான சொன்னேன்." கொஞ்சம் யோசித்தாள். "எல்லாரும் நல்லாத் தெரியறாங்களா?"

"அம்மா!"

"கேக்கறதுக்குச் சொல்லு. கிரிஜா தெரியறாளா?"

அவன் பதில் சொல்வதற்குள் கீழே சந்துக்குள்ளிருந்து கிழித்துக்கொண்டு ஒரு குரல் வந்தது. "எம்மா... என்னப் பெத்த எம்மா..." யாரோ விஷ்ராந்த்வாடிக்குப் போன் பண்ணியிருக்கிறார்கள்.

மாவுக் கையோடு வாசலுக்கு வந்தவளைப் பார்த்ததும் கிரிஜா சுவரைப் பிடித்துக்கொண்டாள். பிறகு அம்மாவின் நெற்றி, மூக்கு, கழுத்து என்று கண் தெரியாதவள் போலத் தடவிப் பார்த்தாள். பார்த்து முடித்ததும் அந்தத் தோளிலேயே ஓங்கி ஓங்கி அடித்தாள்.

"மெதுவாடி. நெஜமாவே போய்ச் சேந்துறப் போறேன்."

தங்கராஜ் எழுந்து வந்திருந்தான். சௌக்கில் பார்த்தது கூட அவனை இப்படி அறையவில்லை. கிரிஜாவுக்குக் காதோரம் நரைத்திருந்தது. கண்ணுக்குக் கீழே சதை தொங்கியது. இந்தப் பெண் பஜாரில் எதிரே வந்திருந்தால் அவனுக்கு அடையாளம் தெரிந்திருக்காது. எத்தனை தடவை அப்படி எதிரே வந்து போனாளோ.

அழுகை அடங்கிய பிறகுதான் கிரிஜா தான் எங்கே நிற்கிறோம் என்று பார்த்தாள். நிலைப்படியை ஒட்டியிருந்த கால்களைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். வெறுங்கால். ஓடி வந்த வேகத்தில் செருப்பு வழியில் எங்கோ கழன்றிருந்தது.

"நல்லாத்தான கீற... நான் கெளம்பறேம்மா" என்றாள், அண்ணனைப் பார்க்காமல்.

தங்கராஜ் அவளைத் தாண்டிப் படியிறங்கிப் போனான்.

"போறான் பாரு" என்றாள் பவுனம்மா. அவள் குரல் அன்று முதல்முறையாக இறங்கியது. உள்ளே தோசை தீயும் வாசனை வந்தது. இரண்டு பேரும் அசையவில்லை.

மாலையோடு சந்துக்குள் வந்துகொண்டிருந்தவர்கள் அவனுக்கு வழி விட்டார்கள். ஏதோ கேட்டார்கள். அவன் முகம் பார்க்கவில்லை. தரையையே பார்த்துக்கொண்டு ஆட்டோ நிற்கும் இடம்வரை போனான்.

திரும்பி மேலே வந்தபோது இரண்டு கையிலும் ஒவ்வொரு செருப்பு, சாக்கடை ஈரத்தோடு. யூனிபார்ம் சட்டையின் நுனியால் துடைத்தான். கிரிஜாவைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய், கதவுக்குப் பின்னால் இருந்த ஸ்டாண்டில் வீட்டுச் செருப்புகளை ஒதுக்கித் தள்ளி, அந்த இடத்தில் இரண்டையும் சேர்த்து வைத்தான்.